ஒரு வயசுக் குழந்தைக்கு என்னங்க ஸ்ட்ரெஸ்?

இந்த எபிசோடோட தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருத்தர் சிரிச்சுட்டார். "ஒரு வயசுக் குழந்தைக்கு இஎம்ஐ இருக்கா, மேனேஜர் இருக்காரா? அதுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். குழந்தையால வாயைத் திறந்து சொல்ல முடியாது. ஆனா அதோட எச்சில் சொல்லும்.

கார்டிசால்னு ஒரு ஹார்மோன் கேள்விப்பட்டிருப்பீங்க. ரீல்ஸ்ல எல்லாம் அதை வில்லனாவே காட்டுறாங்க. உண்மையில காலையில நம்மளைக் கிளப்பி விடுறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. கண் முழிச்சு அரை மணி, முக்கால் மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும், அப்புறம் படிப்படியா இறங்கி ராத்திரி அடிமட்டத்துக்கு வந்துடும். அந்த இறக்கம் இருந்தாத்தான் உடம்பு சரியா ஓடுதுன்னு அர்த்தம்.

சரி, கவனிப்பு இல்லாம வளர்ற குழந்தைக்கு இது எப்படி இருக்கும்? நாள் முழுக்க எகிறிப் போய் நிக்கும்னுதான் நானும் நினைச்சேன். ஆனா பல ஆய்வுகள்ல தெரிஞ்சது வேற. காலையிலயே அளவு கம்மி, ராத்திரிக்கும் பெருசா இறங்கல. கோடு தட்டையாப் போகுது. ரொம்ப நாளா அடிச்சுக்கிட்டே இருந்த அலாரம் தன் சத்தத்தைத் தானே குறைச்சுக்கிட்ட மாதிரின்னு வச்சுக்கோங்க. இந்தக் குழந்தை அழாம சமர்த்தா உட்கார்ந்திருக்கலாம். அதுதான் பயம்.

இதை மாத்த முடியுமா? அமெரிக்காவுல டெலவேர் பல்கலைக்கழகத்துல மேரி டோசியர்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவங்க உருவாக்கின திட்டத்துக்குச் சுருக்கமா ஏபிசின்னு பேர். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு கோச் வருவார். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 10 வாரம், அவ்வளவுதான். அவர் சொல்றது மூணே விஷயம்: குழந்தை அழுதா, பயந்தா ஆறுதல் குடுங்க. விளையாட்டுல அது போற வழியில நீங்க போங்க. அதைப் பயமுறுத்தாதீங்க. (ஆமா, பூச்சாண்டிக்கும் அங்க வேலை இல்ல.)

கேட்க ரொம்ப சாதாரணமா இருக்குல்ல? விஷயம் அதைச் சொல்ற விதத்துல இருக்கு. அந்த வீடுகள்ல பல பேர் மேல, குழந்தையைச் சரியாப் பார்த்துக்கலைன்னு அரசாங்கத்துக்குப் புகார் போயிருக்கு. குழந்தையையே எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயத்துல இருக்கிறவங்க. அவங்ககிட்ட இன்னொரு ஆள் வந்து அட்வைஸ் பண்ணினா என்ன ஆகும்? கதவைச் சாத்திடுவாங்க. அதனால கோச் பாடம் எடுக்க மாட்டார். பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பார். "இப்போ அவன் கையை நீட்டினான், நீங்க உடனே தூக்கிட்டீங்க. அம்மா இருக்காங்கன்னு அவன் கத்துக்கிறது இப்படித்தான்." நடந்த அந்த நொடியிலயே இதைச் சொல்லணும். நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லணும்ங்கிறது அவங்க இலக்கு.

கடைசி வாரங்கள்ல பெத்தவங்களோட சின்ன வயசுப் பேச்சு வரும். "தூக்கிட்டே இருந்தா கெட்டுப் போயிடும்", "நான் அடி வாங்கித்தானே வளர்ந்தேன்"னு உள்ள ஒரு குரல் கேட்குமே, அது யாரோட குரல்? அந்தக் குரல் கேட்கும்போதே, அதை மீறிக் குழந்தையைத் தூக்க முடியுமா? எனக்கு இந்தத் திட்டத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பலன் இருந்துச்சா? குடும்பங்களைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. இன்னொரு பாதிக்கும் 10 வாரம் ஆள் போனார், ஆனா பேச்சுத்திறன், உடல் அசைவு மாதிரி விஷயங்களைச் சொல்லித்தர. அதனால, யாரோ வந்து போனதாலயே நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஏபிசி வீட்டுக் குழந்தைகளுக்குக் காலையில கார்டிசால் கூடுதலா இருந்துச்சு, ராத்திரிக்குள்ள நல்லா இறங்குச்சு. சுமார் 3 வருஷம் கழிச்சு, பிரீ ஸ்கூல் வயசுல 115 குழந்தைகளைத் திரும்பப் பார்த்தப்பவும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்துச்சு. 2015-ல இது வெளியாச்சு.

2012-ல வந்த இன்னொரு முடிவு: பயத்துல அம்மாகிட்ட ஓடுறதா, விலகுறதான்னே தெரியாமக் குழம்பிப் போற குழந்தைங்க அந்தப் பக்கம் 57 சதவீதம், ஏபிசி பக்கம் 32.

32-ங்கிறது சின்ன எண் இல்ல. வாடகை, வேலை, வீட்டுக்குள்ள அடிதடி, இதையெல்லாம் 10 மணி நேரம் தீர்க்காது. யாராவது இதை வச்சு, "பெத்தவங்களுக்குப் பயிற்சி குடுத்தாச்சு, இனிமே உதவித்தொகை எதுக்கு"ன்னு சொன்னா நம்பாதீங்க.

ஒரு ஆப்பா மாத்திடலாமேன்னும் சிலர் கேட்பாங்க. கஷ்டம். ஏன்னா கோச்சோட ஒவ்வொரு விசிட்டும் வீடியோல பதிவாகுது. அதுல அஞ்சு நிமிஷத்தை எடுத்து, எத்தனை தடவை சொன்னேன், எத்தனை வாய்ப்பை விட்டேன்னு கோச்சே எண்ணணும். அதுக்கப்புறம் வாராவாரம் ஒருத்தர் அவர்கூட உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்து, "இங்க நல்லாப் பிடிச்சீங்க"ன்னு அவருக்குச் சொல்றார்.