துண்டுத் துணியும் தோழியர் கையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று புறமும் ஆறு வளைந்து சூழ்ந்த கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ளோர் பெரும்பாலும் அடிமைகளாய் இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். அவ்வூர்ப் பெண்கள் முன்னாளில் பகலெல்லாம் பருத்திக் காட்டில் உழைத்தனர். வீடு திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். பின், தைப்பதற்குப் பொழுது ஏது? குளிர் விட்டுவைக்காதே! நைந்த உழைப்புடைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடத்தையும் அவர்கள் மறைக்கவில்லை; அதுவே ஓர் அழகாயிற்று. மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தன் மனம்போல் அமைப்பாள். இடையே பஞ்சு வைத்து அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் நெடிய வேலைக்கோ தோழியர் கூடுவர். வடிவம் அவளுடையது, உழைப்பு எல்லோருடையது. இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1962இல், அவர்கள் வாக்குரிமை கோரிய காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. 2006இல்தான் மீண்டும் ஓடியது. 1966இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைப்பொன்றைத் தொடங்கிப் போர்வைகளை விற்றனர். வருவாய் வந்தது, ஆனால் கடைகள் ஒரே அச்சான போர்வைகளையே கேட்டன. 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கியவையோ, வீட்டாருக்கென்று மனம்போல் தைத்த பழைய போர்வைகள்.