மதுக் கணக்கில் தோட்டம் எங்கே?

(கலவானப் பகுதித் தொழிலாளர், சிறுதோட்ட விவசாயிகள் முன் ஆற்றிய உரை)



தோட்டத்துத் தமிழன் குடியன் என்று கூசாமற் சொல்வோர் உளர். அவர்களை நாம் கேட்பது ஒன்றே: எந்தக் கணக்கைக் கொண்டு சொல்கிறீர்கள்?

1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் தொட்டு, இந்நாட்டில் சாராயத்தின் கணக்கு வருவாயின் கணக்காகவே இருந்து வருகிறது. மதுவரித் திணைக்களம் நிதியமைச்சின் கீழ் இயங்குவது. விற்ற போத்தலையும் வந்த வரியையும் அது அறியும். குடித்தவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்பது அந்தப் பேரேட்டில் இல்லை. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசாரம், புகையிலைக்கென ஒரு தேசிய அதிகார சபையை அமைத்தது. 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு மது விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டமே. அது எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று காட்ட ஆய்வு வேண்டாமா?

விலை ஏறினால் குடி குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் கடை விற்பனை சரிந்ததைக் காட்டி, குடியே சரிந்ததென்று கொழும்பில் மகிழ்வது அவசரம். கசிப்புக்கு உரிமமும் இல்லை, ரசீதும் இல்லை.

சராசரியும் ஏமாற்றும். நம் பெண்களிற் பெரும்பாலோர் குடிப்பதில்லை. எல்லோர்க்கும் பங்கிட்டுத் ‘தலைக்கு இத்தனை லீட்டர்’ என்றால், குடிக்காத தாயின் தலையிலும் அந்தப் பாரம் ஏறுகிறது. குடிப்பவன் அளவோ சிறுத்துத் தோன்றுகிறது.

கேட்கும் முறையையும் பாருங்கள். 33.5 விழுக்காட்டுச் சாராயத்தில் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீட்டர், ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம். உலக சுகாதார அமைப்பின் வினாப்பட்டியல் ஓர் அளவுக்கு 10 கிராம் என்று கொள்கிறது. ஆகவே ‘கால் போத்தல்தான், ஐயா’ என்பவன் கிட்டத்தட்ட ஐந்து அளவு குடித்தவன்! வினவ வந்தவர் ‘ஒன்று’ என்று எழுதிப் போனால் அந்த ஏட்டால் யாருக்குப் பயன்? அதுவும் கணவன் திண்ணையில் அமர்ந்திருக்க, மனைவி என்ன சொல்வாள்?

இன்னொன்று. புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டம் ஆகாது. கலவானச் சிறுதோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம்மவர் ‘கிராமம்’ என்ற கூடைக்குள் மறைந்துவிடுகின்றனர். எஞ்சியோர் நுவரெலியாவோடு ஒரே கூடையில்!

2024இல் வழங்கிய மதுக்கடை உரிமங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உரிமம் யாருக்கு என்று நாடே பேசிற்று. கடைக்கும் லயத்துக்கும் எத்தனை தொலைவு என்று கேட்டவர் சிலரே.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைத் தனியே எண்ணுங்கள் என்கிறோம். தமிழறிந்த பெண்களை அனுப்புங்கள். மனைவியரைத் தனியே கேளுங்கள். கசிப்பையும் கடைச் சாராயத்தையும் வேறுவேறாகக் குறியுங்கள். முடிவைத் தமிழில் அச்சிட்டு, அடுத்த உரிமத்தில் கையெழுத்திடுமுன் இங்கே கொண்டு வாருங்கள்.