அபராதம் தீர்ப்போம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, அதிவேகமாக ஓட்டிய குற்றத்துக்கு 1000 ரூபாய் அபராதம் என்று அதில் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன், இதுதான் முதல் தடவை. தேதியைப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை 8.19. பங்குக் கோவிலில் முதல் திருப்பலியை முடித்துவிட்டு, கிளைக்கிராமத்தில் 8.30 திருப்பலிக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். வழியில் உள்ள ஓர் ஊரின் எல்லையில் 40 கிலோமீட்டர் வேகம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் போனது 67.

எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல, கோபம்தான். "திருப்பலிக்குத்தானே போனேன், சினிமாவுக்கா போனேன்?" என்று மனம் கேட்டது. அடுத்து ஒரு யோசனை வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் காவல்துறையில் இருக்கிறார். ஒரு போன் போட்டால், "விடுங்க சாமி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லக்கூடும். கைப்பேசியில் அவர் பெயரைத் தேடி எடுத்தும் விட்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் உபதேசியார் உள்ளே வந்தார். வயதானவர். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அபராதமா சாமி? உடனே தீர்த்துடுங்க" என்றார்.

அன்பார்ந்தவர்களே, அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று நாம் ஒப்புரவு அருளடையாளம் என்று சொல்வதை அன்று பாவசங்கீர்த்தனம் என்றோம். அதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், கடைசியாக அபராதம் தீர்ப்பது. குருவானவர் சொல்லும் செபத்தையும் தவத்தையும் 'அபராதம்' என்றே அழைத்தோம். இத்தனை ஆண்டுகளாக மற்றவர்களுக்கு அபராதம் கொடுத்த நான், எனக்கு வந்த அபராதத்துக்குச் சிபாரிசு தேடிக்கொண்டிருந்தேன்! கைப்பேசியைக் கீழே வைத்தேன். அந்த ஐந்து படிகளிலேயே இதற்கும் வழி இருக்கிறது என்று தோன்றியது.

முதலாவது, ஆத்தும சோதனை. அதாவது உண்மை என்ன என்று பார்ப்பது. இ-சலான் வந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். போலிச் செய்திகள் நிறைய வருகின்றன. செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள், ஏ.பி.கே. கோப்பு எதையும் கைப்பேசியில் ஏற்றாதீர்கள். பலர் இப்படித்தான் வங்கிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். அரசின் பரிவாகன் இணையதளத்துக்கு நீங்களே சென்று, வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். நாள், இடம், புகைப்படம் எல்லாம் சரிதானா என்று பாருங்கள். நீங்கள் விற்றுவிட்ட வண்டி இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். எண்ணைத் தவறாகவும் படித்திருக்கலாம். அப்படியானால் முறையிடுங்கள், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் செல்லுங்கள். அது உங்கள் உரிமை, செய்யாத குற்றத்தை ஏற்கச் சொல்லி ஆண்டவர் கேட்பதில்லை. ஆனால் படத்தில் இருப்பது நம் வண்டிதான், ஓட்டியது நாம்தான் என்றால், அந்த உண்மைக்கு முன் நிற்க வேண்டும்.

அரசர்கள் இரண்டாம் நூலில் ஒரு காட்சி உண்டு. காவல் கோபுரத்தில் நிற்பவன் தூரத்தில் ஒரு தேர் வருவதைப் பார்க்கிறான். முகம் தெரியவில்லை. தேர் ஓடுகிற வெறியைப் பார்த்தே, வருவது ஏகூவாகத்தான் இருக்கும் என்கிறான். நாம் ஓட்டுகிற விதமே நாம் யார் என்று சொல்லிவிடுகிறது. அந்த ஞாயிறு, சாலையோரக் கருவி என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னது.

இரண்டாவது, மனஸ்தாபம். 1000 ரூபாய் போயிற்றே என்பது மனஸ்தாபம் அல்ல. சாலையில் யார் இருந்தார்கள் என்று நினைப்பதே மனஸ்தாபம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊரைக் கடக்கும் தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர். 40-இல் போனால் மூன்று நிமிடம். 67-இல் போனதால் எனக்கு மிச்சமானது ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவு. 67-இல் வண்டி ஒரு நொடிக்கு 18 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு குழந்தை குறுக்கே வந்தால், என் கால் பிரேக்கைத் தேடும் அந்த ஒரு நொடியிலேயே 18 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ, 40-இல் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒன்றேகால் நிமிடத்துக்காக யாருடைய பிள்ளையை நான் பணயம் வைத்தேன்? வண்டியில் இருந்தது திருப்பலிப் பெட்டி என்பதால் அடிபடுகிறவருக்கு வலி குறையுமா?

வேக மோகத்தால் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குபவர் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார் என்று திருச்சபையின் மறைக்கல்வி, 2290-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. 2007-ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. கொலை செய்யாதே என்பதே அதில் முதலாவது. யார்மீதும் மோதாமல் வீடு சேர்ந்ததால் நாம் குற்றமற்றவர்கள் ஆகிவிடுவதில்லை. கொலை நடக்காதது கடவுளின் இரக்கம். சாலை விபத்தில் போன பிள்ளைகளை அடக்கம் செய்திருக்கிறேன். கல்லறையில் நிற்கும் அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்வது என்று எந்தக் குருமடத்திலும் கற்றுத் தர முடியாது. அதோடு ஒப்பிட்டால், அபராதமாக வந்த இந்தச் சீட்டு தண்டனையா, கருணையா?

மூன்றாவது, பிரதிக்கினை. இனி வேகமாகப் போகமாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. வேகத்துக்கு என்ன காரணமோ அதை மாற்ற வேண்டும். பங்குப் பேரவையில் பேசினோம். கிளைக்கிராமத் திருப்பலியை 8.45-க்கு மாற்றிவிட்டோம். உங்கள் வீட்டில் எதை மாற்ற வேண்டும்? பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவதா? மகனுக்கு வாங்கிக் கொடுத்த பைக்கின் சாவியைச் சில நாள் வாங்கி வைப்பதா? காத்திருக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "எங்க இருக்கே, சீக்கிரம் வா" என்று ஓட்டுகிறவருக்கு மூன்று முறை போன் செய்கிறோம். உணவு கொண்டுவரும் பையனிடம் ஐந்து நிமிடத் தாமதத்துக்குச் சண்டை போடுகிறோம். லாரி ஓட்டுநரிடம் நடைக்கணக்குக் கேட்கும் முதலாளியும் தன் கால் அந்த ஆக்சிலேட்டரில் இருப்பதை உணர வேண்டும்.

நான்காவது, பாவசங்கீர்த்தனம். நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்வது. அறிவிப்பு வண்டியின் உரிமையாளர் பெயருக்கு வருகிறது. தம்பி ஓட்டியிருந்தால், "அண்ணே, நான்தான்" என்று தம்பி சொல்லட்டும். அப்பா திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். அப்பாவும் திட்டுவதோடு நின்றுவிடாமல், பிள்ளையோடு உட்கார்ந்து பேசட்டும். சாலையில் அதிகாரி நிறுத்தினால், ரசீது இல்லாமல் இருநூறு ரூபாயைக் கையில் திணிக்காதீர்கள். அது ஒரு குற்றத்தை இரண்டாக்குவது. எனக்கு வந்த சோதனையான சிபாரிசும் அதே இனம்தான். ஆள் தெரிந்தவனுக்கு ஒரு சட்டம், தெரியாதவனுக்கு ஒரு சட்டம் என்றால், எளியவன் எங்கே போவான்?

ஐந்தாவது, அபராதம் தீர்ப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி இலகுரக வாகனங்களுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம். கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 வரை. இரண்டாவது முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே முடக்கி வைக்கலாம். குறித்த காலத்துக்குள் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்டால் விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். நீதிபதியிடம் போகுமுன் வழியிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள் என்று மலைப்பொழிவில் நம் ஆண்டவரும் அறிவுறுத்துகிறார் அல்லவா! சக்கேயு தான் கொடுக்க வேண்டியதற்கும் மேலாகவே கொடுக்க முன்வந்தார். அவருக்கு அது சுமையாகத் தெரியவில்லை, விடுதலையாகத் தெரிந்தது.

அன்று மாலையே பணத்தைக் கட்டினேன், என் சொந்தப் பணத்திலிருந்து. பங்குக் கணக்கில் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு அதே ஊரை 40-இல் கடந்தேன். சாலையோரம் ஓர் அங்கன்வாடி இருந்தது. சுவரில் மஞ்சள் நிறத்தில் பெரிய சூரியன் வரைந்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளாக வாராவாரம் அந்த வழியாகப் போகிறேன். அப்படி ஒன்று அங்கே இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்பார்ந்தவர்களே, உங்களுக்கும் முதல் அபராதம் வந்திருந்தால் நன்றி சொல்லித் தீர்த்துவிடுங்கள். இன்னும் வராதவர்கள், வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாலையில் நம்மை நம்பி நடக்கிற ஒவ்வொருவரையும் பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு. பயணங்களில் நம் அன்னை மரியா துணை வருவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.