மீண்டும் எழுதுவோர்

பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு நாம் வழக்கமாகச் சொல்பவை இரண்டே வாசகங்கள். ‘கவலைப்படாதே, அடுத்த முறை தேறிவிடுவாய்’ என்பது ஒன்று. ‘இன்னும் நன்றாகப் படி’ என்பது மற்றொன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராகவும், அவற்றுள் பதினோராண்டு தலைமையாசிரியராகவும் இருந்த நான், இவ்விரண்டையும் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பிறகுதான், இவற்றால் பயன் சிறிதும் இல்லை என்பதை என் தங்கை மகளிடம் கற்றுக்கொண்டேன். அந்தச் செய்தியைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அவள் ஒரு செவிலி. பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகளாக அறுவைச் சிகிச்சை வார்டில் பணிபுரிகிறாள். நம் நாட்டில் பல்கலைக்கழகத் தேர்வில் தேறியவர்கள் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு பணியில் அமர்ந்துவிடுகிறார்கள். அமெரிக்க நாட்டில் அப்படியன்று. பட்டம் பெற்ற பின்னரும் உரிமத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அந்நாட்டில் பிறந்தவருக்கும் அதுதான் விதி, நம்மவருக்கும் அதுதான் விதி. என்கிளெக்ஸ் என்று அதனை அழைக்கிறார்கள். சென்னையிலிருந்தபடியே எழுதலாம். 2024ஆம் ஆண்டில் அதற்குக் கட்டணம் 200 டாலர். அயல்நாட்டில் இருந்து எழுதுவோர் மேலும் 150 டாலர் செலுத்த வேண்டும். தகப்பனில்லாத வீடு, வீட்டின்மேல் கடன், படிக்கும் தம்பி ஒருவன். என் தங்கை தன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினாள். நம் வார்டுகள் நல்லதொரு கையை இழக்கப் போகின்றனவே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அக்கை வாங்கும் மாதச் சம்பளத்தை அறிந்த எவனும் அவ்வருத்தத்தை உரக்கச் சொல்ல இயலாது.

அவள் 2024இல் எழுதினாள், தவறினாள்.

செய்தி கேட்டு நான் போனபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். ‘கவலைப்படாதே அம்மா, எல்லாம் சரியாகிவிடும்’ என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, ‘மாமா, இந்த வாக்கியத்தை எழுதித்தான் ஒரு கேள்வியைத் தவறவிட்டேன் என்று நினைக்கிறேன்’ என்றாள். எனக்குப் பொருள் விளங்கவில்லை. பிறகு விளக்கினாள். நாளை அறுவைக்குச் செல்லும் நோயாளி ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்கிறார். செவிலி என்ன மறுமொழி கூற வேண்டும்? ‘பயப்படாதீர்கள், டாக்டர் நல்லவர், சரியாகிவிடும்’ என்பது தவறான விடை. ஏனென்றால் செவிலிக்கே தெரியாத ஒன்றை அது உறுதி கூறுகிறது. மேலும் நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. ‘எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்பதே சரியான விடை. நாம் அன்பென்று எண்ணிச் சொல்லும் சொல்லை, வாயடைக்கும் சொல் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. வீடு திரும்பும் வழியில்தான், நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

மறுநாள் கேட்டேன். அவளை வாட்டியது தோல்வியன்று, வினாக்களின் எண்ணிக்கை. அத்தேர்வில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. குறைந்தது 85 வினாக்கள், மிகுந்தால் 150. அவளுக்கு 150 வரை வந்தது. ‘எண்பத்தைந்தோடு சிலர் தேறிப்போகிறார்கள், என்னை அத்தனை தூரம் இழுத்தடித்து அனுப்பினார்களே’ என்று வெட்கப்பட்டாள்.

இந்த இடத்தில்தான் என் பழைய பயிற்சி கைகொடுத்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் படித்தவர்கள் பினே என்ற பிரெஞ்சு அறிஞரை மறந்திருக்க மாட்டார்கள். 1905இல் பாரிஸ் நகரில் சைமனுடன் சேர்ந்து அவர் குழந்தைகளுக்கான சோதனை ஒன்றை வகுத்தார். குழந்தை விடை சொன்னால் கடினமான வினாவுக்கு ஏறுவது, சொல்லாவிட்டால் எளிய வினாவுக்கு இறங்குவது என்பதே அதன் நெறி. 1994 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸ் கணினி வழியே நடைபெறுகிறது. அக்கணினி செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொரு விடைக்கும் பிறகு தேர்வரின் ஆற்றலைப் புதிதாக மதிப்பிட்டு, அதற்கேற்ற அடுத்த வினாவைத் தருகிறது. இவர் எல்லைக் கோட்டுக்கு மேலே இருக்கிறார், அல்லது கீழே இருக்கிறார் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி ஏற்பட்டதும் நின்றுவிடுகிறது. உறுதி ஏற்படாதவரை கேட்டுக்கொண்டே போகிறது. ஆகவே 150 வரை போனவர் கோட்டை ஒட்டியே நின்றவர். ‘உன்னைக் கீழே தள்ள அவர்களுக்குக் கடைசிவரை மனம் துணியவில்லை’ என்று சொன்னேன். முதன்முறையாகச் சிரித்தாள்.

தவறியவருக்கு அவர்கள் ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். நோயாளியின் பாதுகாப்பு, மருந்துகள், மனநலம், பணிகளைப் பகிர்ந்தளித்தல் என்று பகுதி பகுதியாக, தேர்ச்சி நிலைக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் குறித்திருக்கும். அவள் அதைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். எடுத்து வரச் சொன்னேன். மருந்துப் பகுதி மேலே. உடல் நோய்களைப் பற்றியது அருகில். பணிகளை நிர்வகித்தலும் மனநலமும் கீழே. அவளோ மருந்துநூலையே மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தாள்! தெரிந்ததைப் படிப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது அல்லவா? என் தனித்தேர்வர்களும் இப்படித்தான். கணக்கில் தவறியவன் வீட்டில் உட்கார்ந்து வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டிருப்பான்.

மறுமுறை எழுத 45 நாள்களாவது காத்திருக்க வேண்டும் என்பது விதி. புதிதாக விண்ணப்பித்து, பணம் கட்டி, அனுமதி வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஆயின. அக்காலத்தில் மாலைதோறும் நான் அவள் வீட்டுக்குப் போய் அமர்ந்தேன். மருத்துவத்தில் எனக்கு எழுத்தும் தெரியாது. ‘ஏன்?’ என்று மட்டும் கேட்பேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், அவள் பயிற்சி வினாக்களில் தவறியவற்றை எழுதச் சொன்னேன். சரியான விடையை எழுத வேண்டாம். தவறின் காரணத்தை மட்டும் எழுது என்றேன். இரண்டு வாரத்தில் அறுபது தவறுகள் சேர்ந்தன. தெரியாமையால் நேர்ந்தவை அவற்றுள் இருபதுகூட இல்லை. சில, வினாவைச் சரிவரப் படிக்காததால் வந்தவை. சில, பெயர் வேற்றுமையால். நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசெட்டமினோஃபென் என்கிறார்கள். நம் சால்புட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். எஞ்சியவற்றுக்கெல்லாம் ஒரே காரணம்: ‘எங்கள் வார்டு வழக்கம்.’

ஒன்றைச் சொல்கிறேன். இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் முதுகு வலியும் வருகின்றன. செவிலி முதலில் செய்ய வேண்டியது யாது? அவள் எழுதியது, ‘மருத்துவருக்குத் தெரிவித்தல்.’ சரியான விடை, இரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்துதல். தெரிவிப்பது அதன் பிறகு. ‘வார்டில் என்ன செய்வாய்?’ என்று கேட்டேன். ‘வார்டில் என் கை தானே நிறுத்திவிடும் மாமா. அப்புறந்தான் ஓடிப்போய்ச் சொல்லுவேன். ஆனால் கேள்வியாகக் கேட்டால் டாக்டரிடம் சொல் என்பதுதான் முதலில் வருகிறது. ஒன்பது வருஷமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதானே’ என்றாள்.

அன்பர்களே, நான் நெடுநேரம் வாய் பேசவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அதிகாரம் இருப்பதாக நாவுக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரல் முதல் அத்தேர்வில் புதுவகை வினாக்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நோயாளியின் வரலாற்றைத் தந்து, அதன்மேல் ஆறு வினாக்கள்: எந்தக் குறிகள் கவனிக்கத் தக்கவை, அவை எதைக் காட்டுகின்றன, எது முதன்மையானது, என்ன வழிகள் உள்ளன, எதைச் செய்வாய், செய்ததால் பயன் விளைந்ததா என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். முழுவதும் செவிலியின் சொந்த முடிவைச் சோதிப்பதே நோக்கம். மற்றொருவர் ஆணைக்குக் காத்திருந்து பழகியவருக்கு இதைப் புத்தகம் கற்றுத்தராது. ஆகவே, பணி முடிந்து வரும்போது அன்றைய நோயாளிகளுள் ஒருவரை இந்த ஆறு வினாக்களின் வழியே எனக்குச் சொல்லும்படி கேட்டேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சொல்லச் சொல்ல, ‘நான் நினைத்தேன்’ என்ற சொல் அவள் வாயில் வரத் தொடங்கியது.

படிக்கும் முறையிலும் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பத்துமுறை படி’ என்பது என் வகுப்பின் மந்திரம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு சாராரை உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், மறு சாராரைப் படித்தபின் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதவும் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் முந்திவிட்டனர். என் மாணவர்கள் காலையில் ஒப்பித்ததைக் கேட்டு நான் மகிழ்ந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிட வெற்றிதான் போலும்! என் தங்கை மகள் இப்போது மஞ்சள் கோடு போடுவதை விட்டுவிட்டாள். பக்கத்தை மூடிவிட்டு எனக்குப் பாடம் சொல்லுகிறாள். இடையில் தடைப்பட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லுகிறாள். எனக்குப் பாதி புரிவதில்லை. தலையாட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இரவுப் பணி முடித்து வந்த நாள்களில் படிக்க வேண்டாம் என்று தடுத்தேன். இதில்மட்டும் அவள் என் சொல் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் நோட்டின்மேல் தலை சாய்த்து உறங்கிய பிறகுதான் கேட்டாள்.

வரும் வியாழக்கிழமை சென்னையில் மீண்டும் எழுதுகிறாள். துணைக்கு நான் போகிறேன். நேற்று மாலை பயணச் சீட்டைக் கையில் கொடுத்து, ‘மாமா, வாசலில் விடும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள்’ என்றாள். சரி என்றேன். எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று கேட்டேன். இரயில் போகும் வழியெல்லாம் சொல்லுமளவுக்கு இருக்கிறதாம். ஐந்து மணிநேரப் பயணம். கேட்டுக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.