சாத்தான்குளம் ஸ்டேஷன் கேமராவுல என்ன இருந்தது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோடுல போலீஸ் ஸ்டேஷன் சிசிடிவி பத்தி ரெண்டு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "கேமரா இருந்துமா ஒண்ணும் தெரியாமப் போகுது?" இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசுவோம். நான் வக்கீல் இல்ல, சாஃப்ட்வேர் ஆள். ஆனா இந்த விஷயத்துல சட்டம் பாதின்னா, ஹார்ட் டிஸ்க் பாதி.

சாத்தான்குளம் கதை எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்கிறோம். அஞ்சாறு வருஷத்துல நிறைய மறந்தும் போச்சு. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்துல மொபைல் கடை வெச்சிருந்த ஜெயராஜை போலீஸ் கூட்டிட்டுப் போகுது. அப்பாவைத் தேடி மகன் பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போறார். ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் உள்ளேதான். மறுநாள் அரசு டாக்டர் சான்றிதழ் கொடுக்கிறார், ரிமாண்டு ஆகுது, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டு போறாங்க. 22ஆம் தேதி பென்னிக்ஸ் இறந்தார். 23ஆம் தேதி விடியறதுக்குள்ள ஜெயராஜும் போயிட்டார். ரத்தம் நிக்காம லுங்கி மேல லுங்கி மாத்தினாங்கன்னு குடும்பம் சொன்னது. அந்த நிலைமையில இருந்தவங்க ஒரு டாக்டரையும் ஒரு கோர்ட்டையும் ஒரு சிறை வாசலையும் தாண்டிப் போயிருக்காங்க. மூணு இடத்துலயும் யாராவது ஒருத்தர் "நில்லு, இது என்ன காயம்?"னு கேட்டிருக்கணும். போலீஸைப் பத்தி மட்டும் பேசிட்டு இதை விட்டுடறோம்.

எஃப்.ஐ.ஆர்.ல என்ன எழுதியிருந்தாங்க? கடையை மூடச் சொன்னப்போ கூட்டம் கூடி வாக்குவாதம் பண்ணினாங்க, தரையில உருண்டாங்க, அதனால உள்காயம் ஆச்சு. ஆனா பக்கத்துல இருந்த ஒரு கடையோட சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல டிவியில வந்துச்சு. அதுல கூட்டமும் இல்ல, உருளலும் இல்ல. பக்கத்துக் கடைகளும் திறந்துதான் இருக்கு. ஒரு சாதாரணக் கடைக்காரர் தன் கல்லாவுக்காக மாட்டின கேமரா, அரசாங்க ஆவணத்தைப் பொய்யாக்கிடுச்சு.

ஸ்டேஷன் உள்ளேயும் கேமரா இருந்தது. அதுக்குத்தான் வர்றேன்.

மதுரைக் கிளையில நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு இந்த வழக்கைத் தானா முன்வந்து எடுத்தாங்க. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் ஜூன் 28ஆம் தேதி ஸ்டேஷனுக்குப் போய் விசாரிச்சார். அவர் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில ஒரு விஷயம், படிச்சப்போ என்னை அப்படியே நிறுத்திடுச்சு. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருக்கு, இடம் தாராளமா இருக்கு. ஆனா பதிவுகள் தினமும் தானாவே அழியற மாதிரி செட்டிங் வெச்சிருக்காங்க. 19ஆம் தேதியில இருந்து எதுவுமே இல்ல.

நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டுல எந்த கம்பெனியிலயாவது டிவிஆர் மாட்டின ஆளைக் கேட்டுப் பாருங்க. பெட்டியில இருந்து எடுத்து மாட்டினா அது வழக்கமா எப்படி ஓடும்? டிஸ்க் நிறையற வரைக்கும் எழுதும், நிறைஞ்சதும் இருக்கறதுலயே பழசை அழிச்சு மேல எழுதும். தினம் தினம் அழிக்கணும்னா யாரோ மெனுவுக்குள்ள போய், பதிவு எத்தனை நாள் இருக்கணும்ங்கிற இடத்துல கை வெக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சாதாரண கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துல பதிஞ்சா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமரான்னு வெச்சுக்கிட்டா 86 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்குல பதினோரு நாள் தாங்கும். 19ஆம் தேதி சாயங்காலத்துக்கும் நடுவர் உள்ளே நுழைஞ்ச 28ஆம் தேதிக்கும் நடுவுல எத்தனை நாள்? ஒன்பது. பெட்டியை அதன் போக்குல விட்டிருந்தாலே, அந்த ராத்திரி அங்கேயே இருந்திருக்கும்.

கேமரா பார்த்தது போச்சு. ஆனா ஒரு மனுஷி பார்த்தது போகல. தலைமைக் காவலர் ரேவதி நடுவர்கிட்ட சொன்னாங்க: விடிய விடிய அடிச்சாங்க, லத்தியிலயும் மேஜையிலயும் ரத்தக் கறை இருக்கு, அழிக்கறதுக்குள்ள எடுத்துக்கோங்கன்னு. பயந்துகிட்டேதான் சொன்னாங்க, கையெழுத்துப் போடவே தயங்கினாங்க. வெளியில சக போலீஸ்காரங்க நின்னு மிரட்டற மாதிரி நடந்துக்கிட்டாங்க, நடுவரையே ஒரு காவலர் ஒருமையில பேசினார்னு அறிக்கை சொல்லுது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையோட கட்டுப்பாட்டுல கொண்டு வரச் சொன்னது. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு தாசில்தார் காவல்! தடயங்களைக் காப்பாத்த வேற வழி இல்லாமப் போச்சு. பின்னாடி சி.பி.சி.ஐ.டி., அப்புறம் சி.பி.ஐ. ஸ்டேஷன்ல எடுத்த ரத்தத் தடயம் இறந்தவங்க டி.என்.ஏ.வோட பொருந்துதுன்னு சி.பி.ஐ. சொன்னது. 2020 செப்டம்பர்ல ஒன்பது போலீஸ்காரங்க மேல குற்றப்பத்திரிகை. பத்தாவது ஆள் அதுக்குள்ள கொரோனாவுல இறந்துட்டார். 2025 ஜூன்ல, அஞ்சு வருஷம் முடியும்போதும் மதுரையில விசாரணை முடிஞ்சபாடில்ல.

அதே 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்குல தீர்ப்பு சொன்னது. சாத்தான்குளம் வழக்கு இல்ல அது, ஆனா பாடம் ஒண்ணுதான். எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா. வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் ரூம், பின்பக்கம், கழிவறைக்கு வெளியே, எல்லா இடத்துலயும். இரவுப் பார்வை வேணும், ஒலியும் பதியணும். பதிவு 18 மாசம் இருக்கணும். அப்படிப்பட்ட கருவி கிடைக்கலைன்னா குறைஞ்சது ஒரு வருஷம்.

பன்னிரண்டு கேமராவுக்கு 18 மாசம்னா, முன்ன சொன்ன அதே வேகத்துல, 140 டெராபைட். 8 டெராபைட் டிஸ்க் பதினெட்டு. புது முறையில சுருக்கினா பாதியா குறையும். பெரிய தொகைதான், ஆனா அரசாங்கத்தால முடியாத தொகை இல்ல. அம்பத்தூர்ல ஒரு நடுத்தர ஐ.டி. கம்பெனி இதைவிட அதிகமா சேமிச்சு வெச்சிருக்கும்.

என் சந்தேகம் பணத்துல இல்ல. அந்தத் தீர்ப்புப்படி கேமரா ஓடுதா, பதியுதான்னு பார்க்கிற பொறுப்பு அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்குத்தான். மேல மாவட்ட அளவுல ஒரு கமிட்டி, மாநில அளவுல ஒரு கமிட்டி இருக்கு, சரி. ஆனா தினசரி பெட்டி யார் கையில? யாரைப் பார்க்கணுமோ அவங்க கையில அட்மின் பாஸ்வேர்டு. எங்க வேலையில, புரொடக்‌ஷன் சர்வர்ல கோடு போடுற ஆளுக்கே அந்த லாகை அழிக்கிற அனுமதியும் கொடுத்தா, ஆடிட்டர் அன்னைக்கே எழுதி வெச்சுடுவார். பதிவு எழுதும்போதே இன்னொரு பிரதி வேற துறையோட சர்வருக்குப் போகணும், அழிச்சா யார் அழிச்சாங்கன்னு அங்க தெரியணும். இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமே ஸ்டேஷன்கள்ல வேலை செய்யாத கேமராக்கள் பத்தித் தானா முன்வந்து மறுபடியும் வழக்கு எடுத்ததுன்னா, அஞ்சு வருஷம் என்ன நடந்ததுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

அப்போ கேமரா இருந்தா போதுமா? மடப்புரத்தைப் பாருங்க. சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்துல, பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். நகை காணாமப் போன புகார். 2025 ஜூன் 28ஆம் தேதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில 44 காயம். அவரை அடிச்சது ஸ்டேஷன்ல இல்ல, கோயில் ஆபீசுக்குப் பின்னாடி. அடிச்சவங்க சீருடையில இல்லாத தனிப்படை. பன்னிரண்டு கேமரா, 140 டெராபைட், ஒண்ணும் அங்க உதவாது. உதவினது மறைஞ்சு நின்னு போன்ல எடுத்த ஒரு வீடியோ. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், மரிய கிளாட் அமர்வு அதைப் பார்த்துட்டுத்தான் கடுமையா கேள்வி கேட்டது, மாவட்ட நீதிபதி ஒருத்தரையே விசாரிக்க வெச்சது. அப்புறம் வழக்கு சி.பி.ஐ.க்குப் போச்சு.

இதுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்னன்னு கேக்கறவங்களுக்கு: 2022 ஜூன்ல கொடுங்கையூர் ஸ்டேஷன் விசாரணையில இறந்த ராஜசேகர், ஆவடிக்கு வடக்கே இருக்கிற அலமாதிக்காரர். அதே வருஷ ஆரம்பத்துலதான் ஆவடிக்குன்னு தனி கமிஷனரேட் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு நம்ம ஸ்டேஷன் எல்லாம் இப்போ அதுக்குக் கீழதான். ஸ்டேஷனுக்குள்ள கேமரா கண்காணிப்பு இருக்குன்னு வாசல்ல பெரிய எழுத்துல, நம்ம மொழியிலயும் எழுதி வெக்கணும்னு 2020 தீர்ப்பு சொல்லுது. பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்குப் போனீங்கன்னா ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க, இருக்கான்னு.

ஒரு குடும்பத்துக்கு இது நடந்தா என்ன பண்ணலாம்? காவல்ல மரணம்னா நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம். முன்ன 176(1ஏ)ன்னு இருந்தது, இப்போ பி.என்.எஸ்.எஸ். 196. ஆர்.டி.ஓ. விசாரணை அதுக்கு ஈடு இல்ல. யாராவது அப்படிச் சொன்னா ஒத்துக்காதீங்க. காயமோ மரணமோ ஆனா மாநில மனித உரிமை ஆணையத்துலயோ மனித உரிமை கோர்ட்டுலயோ புகார் கொடுக்கலாம். அவங்க ஸ்டேஷன் பதிவை உடனே வரவழைக்கலாம். அதையும் அந்தத் தீர்ப்பே சொல்லுது.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. பிடிச்ச இடத்துல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் உள்ள கடைகள், வீடுகள், பெட்ரோல் பங்க்: நடந்து போய் கேமராக்களை எண்ணுங்க. பதினோரு நாள் கணக்கு ஞாபகம் இருக்கா? அங்க நல்ல எண்ணத்தோட இருக்கிற கடைக்காரர்கிட்டயும் அது தானா அழிஞ்சுடும். முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள பதிவைப் பென் டிரைவ்ல, டிவிஆர் தர்ற அதே வடிவத்துல எடுங்க. வாட்ஸ்அப்புல அனுப்பி அதையே ஆதாரமா வெச்சுக்காதீங்க. அது சுருக்கிடும், நேர விவரமும் போயிடும். திரையை போன்ல படம் பிடிச்சது கடைசிப் புகலிடம். பெட்டியைக் கழட்டி மாத்த வேணாம்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. கோர்ட்டுல ஏத்துக்க புது சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேணும், அதுல கோப்போட ஹாஷ் எண்ணும் இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிடும்; நடுவுல யாரும் கை வைக்கலன்னு காட்ட அதுதான் வழி. தெரிஞ்ச ஐ.டி. பசங்க யாராவது அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துடுவாங்க, நம்ம ஏரியாவுல அவங்களுக்கா பஞ்சம்.

கடைக்காரர் பயப்படுவார். அவர் கடை நாளைக்கும் அதே தெருவுலதான் இருக்கணும். அவரை வற்புறுத்தாம, பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி வக்கீல் மூலமா கோர்ட்டுல மனு போடலாம். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா இலவச சட்ட உதவி எண் 15100. கூப்பிடும்போது தேதி, நேரம், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு யார் கூட்டிட்டுப் போனாங்க, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு கூப்பிடுங்க.

அடுத்த எபிசோடுல ஹாஷ் எப்படி எடுக்கிறதுன்னு வெறும் போனை வெச்சே செஞ்சு காட்டறேன். கேள்வி இருந்தா அனுப்புங்க.