பெயர் சுட்டா உருவங்கள்



நம் பத்தாம் ஆண்டு மலரில் கவிதைகளுக்கு ஓவியம் சேர்ப்பதா வேண்டாமா என்ற வினா சென்ற கூட்டத்தில் சற்றுக் காரமாகவே எழுந்தது. படம், படிப்பவரின் கற்பனைக்கு வேலியிட்டுவிடும் என்பது மறுத்தோரின் கட்சி. அதற்கு விடை காணும் முகமாக, தியாகராய நகரில் நின்றுகொண்டு இலாகூர் ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அவர் அப்துர் ரகுமான் சுக்தாய். நம் கவிக்கோவின் பெயரே அவருக்கும் அமைந்தது இனிய பொருத்தம்.

கட்டடக் கலையிலும் அணிவேலையிலும் வழிவழியாக ஈடுபட்ட குடும்பம் அவருடையது. 1975-இல் மறைந்தார். வண்ணத்தைப் பூசிப் பூசி நீரால் கழுவும் வங்கப் பாணியில் தொடங்கியவர். அப்பாணியின் முதல்வரான அவனீந்திரநாத் தாகூரின் மாணவர்தாம் 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஆனால் அவர் தசையின் வலிமையை நாடினார். மெரினாவின் உழைப்பாளர் சிலையே சான்று. சுக்தாய் கோட்டை நாடினார்.

அக்கோடு பாரசீகத்தது. பதினாறாம் நூற்றாண்டில் உமாயூன் அழைத்துவந்த மீர் சையது அலி, அப்துஸ் சமது ஆகியோர் வழியே முகலாய அரண்மனைக்குள் நுழைந்தது. அம்மரபில் உருவத்தின் நிழல் தரையில் விழாது. உடலின் கனத்தைக் காட்டுவதும் நோக்கமன்று. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து ஆடை மடிப்பு என ஒரே மூச்சில் ஓடும் கோடுதான் ஆளை உருவாக்குகிறது.

1928-இல் வெளியான ‘முரக்கா-இ-சுக்தாய்’ நமக்கு இன்றியமையாதது. காலிப்பின் கவிதைகள், அவற்றோடு சுக்தாயின் ஓவியங்கள், முன்னுரை இக்பால். முரக்கா என்பது ஓவியத் தாள்களையும் எழுத்தணித் தாள்களையும் சேர்த்துக் கட்டும் பழைய பாரசீகத் தொகுப்பேடு. அவருடைய மங்கையர் அனைவரும் ஒரே முகத்தினர் என்று குறை கூறுவோர் உண்டு. நீண்ட இமை, மெலிந்த விரல், சாய்ந்த தலை, உண்மைதான். ஆயின் அகத்திணைத் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்த தொல்காப்பியரைப் படித்த நாம் அதைக் குறையென்று சொல்லலாமா? நம் தலைவிக்கும் தனிமுகம் இல்லை. அதனாலன்றோ ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் அவளிடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது!

ஓரிடத்தில் மட்டும் ஓவியர் தோற்கிறார். பாரசீக மொழியின் சுட்டுப்பெயருக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. கசலின் காதலர் மானிடரா, இறைவனா, ஆணா, பெண்ணா என்ற மயக்கம் அங்கே இயல்பாக நிற்கும். நம் வினைமுற்றோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று உடனே காட்டிக் கொடுத்துவிடும். கசலை மொழிபெயர்த்தவர் இத்தொல்லையை அறிவர். தூரிகைக்கும் அதே இக்கட்டு. உடலை வரைந்தாக வேண்டுமே! சில படங்களில் ஆடை மடிப்பின் அழகே மிகுந்து, கவிதையின் வலி அடியில் அமிழ்ந்துவிடுகிறது என்பதும் என் எண்ணம்.

எனினும் நிலவைப் பாடினால் நிலவையே வரைந்து வைக்கும் நம் இதழ் வழக்கத்தை விட இது எவ்வளவோ மேல். அவர் செய்யுளின் பொருளை வரையவில்லை. அதைக் கேட்ட பின் வரும் அமைதியை வரைந்தார். ஆகவே மலரில் ஓவியம் வரட்டும் என்பதே என் வாக்கு. ஆனால் ஓவியரிடம் கவிதையை மட்டும் கொடுங்கள், விளக்கத்தைக் கொடுக்காதீர்கள். படத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிடாமல், கவிதை முடிந்து தாளைத் திருப்பிய பிறகு வைக்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.