கோப்பையும் பேணியும்

(போர்கோ வெக்கியோவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன கோடையில் ஊரிலிருந்து வந்த மாமியைக் கூட்டிக்கொண்டு, இங்கே சந்தைப் பக்கம் ஐஸ்கிறீம் வாங்கப் போனோம். "கோனோ? கொப்பெத்தா?" என்று கடைக்காரர் கேட்டார். "கொப்பெத்தா" என்றாள் என் மகள். மாமி திகைத்துப் போனா. "கோப்பையிலயோ? சோறோ பிள்ளை தின்னப் போறாய்?"

மாமியின் காதில் பிழையில்லை. நம்முடைய 'கோப்பை' போர்த்துக்கேயரின் 'கோப்பு' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். கதிரை, மேசை, அலமாரி, சப்பாத்து எல்லாம் அவர்களுடைய சொற்கள்தான். அந்தக் 'கோப்பு'வும் இத்தாலியரின் 'கொப்பா'வும் இலத்தீன் 'குப்பா'வின் பிள்ளைகள். சின்னக் கொப்பாதான் கொப்பெத்தா.

ஆனால் தமிழ்நாட்டில் கோப்பையில் தேநீர் குடிப்பார்கள்; நாங்கள் அதில் சோறு தின்போம். 1996இல் இலங்கை வென்றது நமக்கு உலகக் கிண்ணம், அவர்களுக்கு உலகக் கோப்பை. 2006இல் இத்தாலி உதைபந்தாட்டத்தில் வென்றது இங்கே 'கொப்பா'.

அப்போ நாங்கள் குடிக்கிறது எதில்? பேணியில். பித்தளை மூக்குப்பேணியைப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டீர்கள். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றலாம். ஒரே பேணியில் வீட்டில் எல்லோரும் குடிக்கலாம்.

எல்லோரும் என்றது பொய். 70களில் எங்கள் வளவில் வேலை செய்தவருக்கு அம்மா சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றினா. சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடுக்க 1957இலேயே சட்டம் வந்தது. 60களில் தேநீர்க்கடைகளில் சமமாகக் குடிக்கவும் சனம் போராடியது. எங்கள் முற்றத்துக்கு மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பலெர்மோவுக்கு வந்து ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த வீட்டு மூதாட்டி தான் குடிக்கிற அதே மாதிரிச் சின்னக் கப்பில் எனக்கும் கோப்பி ஊற்றி, பக்கத்துக் கதிரையைக் காட்டினா. எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சிரட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இங்கே நாங்கள் எல்லோரும் பிறர் வீட்டுக் கப் கழுவுகிறவர்கள்தான். ஆனாலும் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வந்தால் ஒளித்து வைத்த சிரட்டையை வெளியில் எடுக்கிறோம். இல்லையென்று ஆராவது சொல்லுங்கோ பாப்பம்.

பிள்ளைகளுக்குக் கோப்பையையும் பேணியையும் சொல்லிக் கொடுங்கள். சிரட்டையின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொற்கள் மட்டும் மிஞ்சட்டும், அந்த வழக்கம் எங்களோடு முடியட்டும்.

பின்னால் தேத்தண்ணி ஆறப்போகுது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கப்தான்.